அக்கசாலை உடைய சபையும் அக்கசாலை இல்லாப் பாளையமும்: தளர்ச்சிக்கால வெள்ளி நாணயங்கள் – ஆயக்குடிப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

படைப்பணியை அடிப்படையாகக் கொண்ட ஆட்சியமைப்பு தளர்ந்து, அது பணமாகக் கப்பம் செலுத்த வேண்டிய நிலை ஏற்படும்போது அச்சுமை யார்மீது இறங்குகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பழனியை அடுத்த ஆயக்குடி உள்ளிட்ட திண்டுக்கல் சீமைப் பாளையங்கள் தமக்கென வெள்ளி நாணயம் வெளியிட்டவை அல்ல. ஐரோப்பாவின் பிரஷ்ய நாட்டை ஆண்ட தியூத்தோனிய வீரத்துறவற சபையோ வெள்ளி அச்சிடும் உரிமையை முழுமையாகத் தன்வசம் வைத்திருந்தது. கி.பி. 1411க்குப் பின் அச்சபை தன் நாணயத்தின் மாற்றைக் குறைத்துக் கப்பச்சுமையைக் குடிகள்மீது ஏற்றியது. பாளையங்களுக்கு அவ்வழி இல்லை. இவ்விரு போக்குகளையும் ஒப்பிட்டு, பாளையங்களின் வீழ்ச்சியில் நாணயம் வகித்த பங்கு இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது.

திறவுச் சொற்கள்: ஆயக்குடி, திண்டுக்கல், பாளையப்பட்டு, பேஷ்கஷ், வராகன், வெள்ளி ரூபாய், தியூத்தோனிய சபை, மாற்றுக் குறைப்பு

முன்னுரை

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், பழனி நகருக்குக் கிழக்கே அமைந்துள்ளது ஆயக்குடி. இன்று கொய்யா விளைச்சலால் பெயர் பெற்றிருக்கும் இவ்வூர், நாயக்கர் ஆட்சி மரபில் ஒரு பாளையப்பட்டாகவும், ஆங்கிலேயர் ஆட்சியில் ஒரு ஜமீனாகவும் விளங்கியது. பழனி, விருப்பாட்சி, இடையகோட்டை, இரட்டையம்பாடி முதலியன இதனை அடுத்திருந்த பாளையங்களாகும்.

பாளையங்களின் வீழ்ச்சி பெரும்பாலும் முற்றுகை, தூக்குமேடை, காட்டிக்கொடுத்தல் ஆகிய நிகழ்வுகளின் வழியே எழுதப்பட்டு வந்துள்ளது. அந்நிகழ்வுகள் மறுக்கவியலாதவை. ஆயினும் போர்களுக்கு முன் பாளையக்காரர்களுக்கும் கும்பினி அலுவலர்களுக்கும் இடையே நடந்த வழக்குகளில் திரும்பத் திரும்ப எழும் பொருள் ‘நிலுவை’ என்பதாகும். வாளேந்திப் பணிசெய்யக் கடமைப்பட்டிருந்தவர்கள் எவ்வாறு பணம் கட்டத் தவறிய கடனாளிகளாயினர் என்பதே ஈண்டு எழும் வினா.

இவ்வினாவைத் தெளிவுபடுத்த ஓர் ஒப்பீடு துணைசெய்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் பால்டிக் கடற்கரையிலிருந்த ஒரு படையமைப்பும் தோல்விக்குப் பின் பெருந்தொகையைத் தவணைகளாகச் செலுத்த நேர்ந்தது. அதனிடம் அக்கசாலை இருந்தது, பாளையங்களிடம் இல்லை. இந்த ஒரு வேறுபாடு எவ்வளவு தூரம் விளைவை மாற்றியது என்பதை அறிந்தால், நாணயத்தின் பங்கும் படையமைப்பின் உள்ளார்ந்த தளர்ச்சியின் பங்கும் பிரித்தறியப்படும்.

பாளைய அமைப்பின் பொருளடிப்படை

மதுரை நாயக்கர் ஆட்சியை நிறுவிய விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாயாகிய அரியநாத முதலியாரும் பாளைய அமைப்பை ஒழுங்குபடுத்தினர் என்பது மரபு. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களும் 72 பாளையக்காரர்களின் பொறுப்பில் விடப்பட்டன என்றும் அம்மரபு கூறும். வருவாயில் மூன்றில் ஒரு பங்கு நாயக்க அரசுக்கும், ஒரு பங்கு படைச் செலவுக்கும், எஞ்சியது பாளையக்காரரின் குடும்பத்துக்கும் உரியது எனச் சொல்லப்படுகிறது. எல்லாப் பாளையங்களிலும் இக்கணக்கு அவ்வாறே பின்பற்றப்பட்டது எனக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் அமைப்பின் இயல்பை இப்பங்கீடு நன்கு காட்டுகிறது. பாளையக்காரர் அரசுக்குச் செலுத்திய கடனில் பெரும்பகுதி ஆட்படை. பணம் அதன் ஒரு கூறு மட்டுமே.

படைவீரர்களுக்கும் ஊதியம் பெரும்பாலும் நாணயமாக வழங்கப்படவில்லை. ஊழிய மானியமாக விடப்பட்ட நிலமும், களத்துமேட்டில் அளக்கப்பட்ட தானியமும் அவர்களைத் தாங்கின. ஊரைக் காக்கும் தலக்காவலுக்கும், வழிகளையும் சீமையையும் காக்கும் தேசக்காவலுக்கும் உரிய வரும்படி பாளையத்தின் மற்றொரு வருவாய். அதுவும் தானியமாகவோ சிறு தொகைகளாகவோ ஊர்தோறும் திரட்டப்பட்டது. எனவே, கையில் நாணயம் குறைவாக இருப்பினும் படை வலிமை குன்றாமல் ஒரு பாளையம் இயங்க முடிந்தது. இதுவே அதன் வலிமை. பிற்காலத்தில் இதுவே அதன் குறையாகவும் அமைந்தது.

தமிழகத்தில் வெள்ளியின் இடம்

விசயநகரப் பேரரசின் நாணய முறை பொன்னை முதன்மையாகக் கொண்டது. கி.பி. 1443இல் விசயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், வராகன், அதன் பாதியாகிய பிரதாபம், பிரதாபத்தில் பத்தில் ஒன்றாகிய பணம் ஆகிய பொன் நாணயங்களைக் குறிப்பிடுகிறார். வெள்ளியாலான ‘தாரம்’ ஒரு பணத்தில் ஆறில் ஒரு பங்கு மதிப்புடையது. அதற்கும் கீழே செப்புக்காசு. இவ்வடுக்கில் வெள்ளி பெற்றிருந்த இடம் சில்லறையின் இடமே என்பது தெளிவு.

மதுரை நாயக்கர் காலத்திலும் அன்றாடப் புழக்கத்தைத் தாங்கியது செம்பே. பாண்டியரின் மீன் சின்னத்துடன் விசுவநாதன் என்ற பெயர் பொறித்த காசுகள் இம்மரபுக்குச் சான்றாகும். சேதுபதிகளும் புதுக்கோட்டைத் தொண்டைமான்களும் வெளியிட்டவற்றுள் செப்புக்காசுகளே சிறப்பிடம் பெறுகின்றன. புதுக்கோட்டையின் அம்மன் காசு இருபதாம் நூற்றாண்டிலும் வழங்கிற்று. பெரிய மதிப்புள்ள வெள்ளி நாணயத்தை அச்சிடும் மரபு இப்படையாட்சிகளில் வேரூன்றவில்லை.

இதற்குக் காரணம் எளிது. வெள்ளி இந்நிலத்தில் விளையும் பொருளன்று. அது கடல்வழி வந்தது. அமெரிக்கக் கண்டத்துச் சுரங்கங்களில் தோண்டப்பட்டு, இசுபானிய டாலராக உருப்பெற்று, ஐரோப்பியக் கப்பல்களில் கீழைக்கடற்கரைத் துறைமுகங்களை அடைந்தது. கும்பினி 1742இல் ஆர்க்காட்டு ரூபாயைச் சென்னையில் அச்சிடும் உரிமையைப் பெற்றது. வெள்ளியின் வாயில் துறைமுகத்தில் இருந்தது. அவ்வாயிலைக் காத்தவர் பாளையக்காரர் அல்லர்.

வெள்ளி அச்சிட்ட வீரத்துறவற சபை

இனி ஒப்பீட்டின் மறுபக்கத்தைக் காணலாம். தியூத்தோனிய சபை 1190இல் பாலஸ்தீனத்தின் ஆக்கர் நகரில் மருத்துவப் பணிக்கெனத் தோன்றி, 1198இல் வீரத்துறவற சபையாக மாறியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரஷ்ய நாட்டைப் படைவலியால் கைப்பற்றிய இச்சபை, 1309 முதல் மரியன்பர்க் கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்டது. இதன் உறுப்பினர் மணம் புரியாத் துறவியர். அதே வேளையில் நிலமும் கோட்டையும் வணிகமும் உடைய ஆட்சியாளர்.

சபை தொடக்கத்திலேயே நாணய உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. 1233ஆம் ஆண்டின் குல்ம் நகரச் சாசனம், நாடு முழுமைக்கும் ஒரே நாணயம் என விதித்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை நாணயம் புதுப்பிக்கப்படும். அப்போது பழைய காசு 14 கொடுத்துப் புதிய காசு 12 பெற வேண்டும். இவ்வேறுபாடு ஒருவகை வரியே. ஆனால் அளவும் காலமும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தமையால் குடிகள் அதனைக் கணக்கில் கொள்ள முடிந்தது.

பெருந்தலைவர் வின்ரிக் வான் க்னிப்ரோட் காலத்தில் (1351–1382) ஷில்லிங் என்னும் வெள்ளி நாணயம் அறிமுகமாயிற்று. 12 பென்னிக் ஒரு ஷில்லிங். 60 ஷில்லிங் ஒரு மார்க் என்பது கணக்கு. ஒருபுறம் பெருந்தலைவரின் பெயரும் கேடயமும், மறுபுறம் பிரஷ்யத் தலைவர்களின் நாணயம் எனப் பொருள்படும் இலத்தீன் தொடரும் பொறிக்கப்பட்டன. தானன்பர்க் போருக்குச் சற்று முன்வரை இந்நாணயத்தில் மூன்று பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு செம்பு கலந்திருந்தது என்று பிற்காலத்தில் கோப்பர்நிக்கஸ் கணக்கிட்டுள்ளார்.

தோல்வியும் மாற்றுக் குறைப்பும்

1410 ஜூலை 15 அன்று தானன்பர்க் போரில் சபை போலந்து–லித்துவேனியப் படைகளிடம் பெருந்தோல்வி கண்டது. பெருந்தலைவர் உல்ரிக் வான் யுங்கிங்கன் களத்திலேயே மாண்டார். 1411இல் தோர்ன் நகரில் ஏற்பட்ட அமைதி உடன்படிக்கையின்படி சபை இழந்த நிலம் மிகுதியன்று. ஆனால் சிறைப்பட்டோரின் மீட்புத்தொகை உள்ளிட்டுச் செலுத்த வேண்டியது 1,00,000 சோக் குரோஷன். ஒரு சோக் என்பது 60; எனவே மொத்தம் 60 லட்சம் வெள்ளிக் குரோஷன்கள். இத்தொகை தவணைகளாகச் செலுத்தப்பட வேண்டியிருந்தது.

அடுத்த பெருந்தலைவர் ஹைன்ரிக் வான் பிளவன் இருவழிகளை நாடினார். ஒன்று புதிய வரி, மற்றொன்று அக்கசாலை. ஷில்லிங்கின் பெயரும் உருவமும் மாறவில்லை. உள்ளிருந்த வெள்ளி மட்டும் குறைந்தது. வரியை எதிர்த்த டான்சிக் நகரத் தலைவர் கொன்ராட் லெட்ஸ்கவ் 1411இல் கொல்லப்பட்டார். வரிக்கு எதிராக நகரம் குரல் எழுப்ப முடிந்தது. மாற்றுக் குறைவை எதிர்ப்பது அத்துணை எளிதன்று. அது ஒரே நாளில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வாரச் சந்தையில் விலை ஏறிய பின்னரே குடியானவனுக்கும் கைவினைஞனுக்கும் இழப்பு தெரிந்தது.

பின்வந்தோர் செய்த சீர்திருத்தங்கள் நிலைக்கவில்லை. நகரங்களும் நிலக்கிழார்களும் 1440இல் பிரஷ்யக் கூட்டமைப்பை ஏற்படுத்தி, 1454இல் சபைக்கு எதிராகப் போர்க்கொடி தூக்கினர். பதின்மூன்றாண்டுப் போரில் சபை கூலிப்படையையே பெரிதும் நம்பியது. கூலி கொடுக்க இயலாதபோது மரியன்பர்க் கோட்டையையே அப்படையினரிடம் அடகாக வைத்தது. 1457இல் அவர்கள் அதனை 1,90,000 பொற்காசுகளுக்குப் போலந்து மன்னருக்கு விற்றனர். வீரத்துறவியரின் தலைமைக் கோட்டை எதிரியின் பீரங்கியால் அன்றி, கொடுக்கப்படாத கூலியால் கைமாறியது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 1466இல் இரண்டாம் தோர்ன் உடன்படிக்கை சபையின் மேற்கு நிலங்களைப் போலந்துக்கு உரியதாக்கியது. சபையின் தலைமையிடம் கோனிக்ஸ்பர்க்குக்கு மாறியது.

இச்சீர்கேட்டை முறையாக ஆராய்ந்தவர், வானியலாளராக உலகறிந்த கோப்பர்நிக்கஸ். எர்ம்லாந்து மறைமாவட்டத்தில் திருச்சபை அலுவலராக இருந்த அவர், 1517 முதல் நாணயம் குறித்து எழுதத் தொடங்கி, 1522இல் கிரவுடென்ஸ் நகரில் கூடிய பிரஷ்ய அவையின்முன் தம் கருத்துகளை வைத்தார். மாற்றுக் குறைந்த நாணயம் ஒரு நாட்டை ஓசையின்றி அழிக்கிறது என்பதும், நல்ல பழைய காசுகளைப் பொற்கொல்லர் தேர்ந்தெடுத்து உருக்கிவிடுவதால் மட்டமானவையே புழக்கத்தில் எஞ்சுகின்றன என்பதும் அவர் வாதத்தின் சாரம். சபையின் நாட்டாட்சி அதற்குமேல் நெடிது நிற்கவில்லை. 1525இல் பெருந்தலைவர் ஆல்பிரக்ட் துறவைக் கைவிட்டு, போலந்து மன்னருக்குக் கட்டுப்பட்ட பரம்பரைக் கோமகனானார்.

திண்டுக்கல் பாளையங்களும் பணக் கடப்பாடும்

திண்டுக்கல் சீமையில் இதே வகையான நெருக்கடி பதினெட்டாம் நூற்றாண்டில் தோன்றியது. மதுரை நாயக்கர் ஆட்சி மறைந்தபின் இப்பகுதி மைசூரின் கைக்குச் சென்றது. 1755இல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் பௌஜ்தாராகப் பொறுப்பேற்று, கப்பம் கட்டாத பாளையங்கள்மீது படையெடுத்தார். மைசூருக்குத் தனக்கென ஊதியப்படை இருந்தமையால் பாளையத்தின் ஆட்படை அதற்குப் பெரிதும் தேவைப்படவில்லை, தேவைப்பட்டது பணம். கடன் படைப்பணியிலிருந்து பணத்துக்கு மாறிய திருப்பம் இங்கேயே தொடங்கிவிட்டது. ஆங்கிலேயர் அதனைத் தோற்றுவிக்கவில்லை, இறுக்கினர்.

திப்பு சுல்தான் வெள்ளி நாணயங்களை ஒழுங்குபட்ட வரிசையாக வெளியிட்டார். இரட்டை ரூபாய் ஹைதரி எனவும், ரூபாய் இமாமி எனவும், அரை ரூபாய் ஆபிதி எனவும் பெயர் பெற்றன. மைசூர் அரசுக்கு அக்கசாலை இருந்தது. அவ்வரசுக்குக் கப்பம் கட்டிய பாளையங்களுக்கு இல்லை.

1790இல் ஆங்கிலப் படை திண்டுக்கல் கோட்டையைப் பிடித்தது. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கை திப்புவின் ஆட்சிப்பரப்பில் பாதியைப் பறித்து, 3 கோடியே 30 லட்சம் ரூபாயை இழப்பீடாகவும் விதித்தது. கும்பினிக்குக் கிடைத்த பகுதிகளின் பட்டியலில் திண்டுக்கல்லும் பழனி–விருப்பாட்சியும் இரு தாலுகாக்களாக 90,000 வராகன் என மதிப்பிடப்பட்டன. ஆயக்குடியை உள்ளடக்கிய நிலப்பரப்பு பத்திரத்தில் ஊராகவோ படையாகவோ அன்றி, ஒரு தொகையாக எழுதப்பட்டது.

நிலுவை என்பது எவ்வாறு ஆயுதமாயிற்று என்பதற்குத் திருநெல்வேலிச் சீமையின் பாஞ்சாலங்குறிச்சி அறியப்பட்ட சான்று. 1798இல் கட்டபொம்மன் 3,310 வராகன் நிலுவை வைத்ததாகக் கலெக்டர் ஜாக்சன் குற்றம் சாட்டினார். இராமநாதபுரத்தில் கணக்குப் பார்த்தபோது எஞ்சியிருந்தது 1,080 வராகன் மட்டுமே. அவ்வெஞ்சிய தொகையைச் சுற்றி எழுந்த பூசல் அடுத்த ஆண்டு கயத்தாறுத் தூக்குமேடையில் முடிந்தது. திண்டுக்கல் சீமையிலும் கும்பினியுடன் மோதிய பழனிப் பாளையம் பறிமுதலானது. அண்டை விருப்பாட்சியின் கோபால நாயக்கர் கிளர்ச்சிக் கூட்டமைப்பை நடத்தி 1801இல் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று வெளியான அறிவிப்பு ஆயுதங்களை ஒப்படைக்கக் கட்டளையிட்டது. ஆயுதம் இழந்த ஆயக்குடி ஜமீனாகத் தொடர்ந்தது.

வெள்ளி ரூபாய் நிலைபெறல்

ஆயுதம் அகன்றபின் எஞ்சியது பணக் கடன் ஒன்றே. அப்பணம் எது என்பதில் நெடுங்காலம் தெளிவில்லை. நட்சத்திர வராகன், பலவகைப் பணங்கள், சக்கரம், ஆர்க்காட்டு ரூபாய், மைசூர் நாணயங்கள் ஆகியன ஒருங்கே வழங்கின. ஒரு நட்சத்திர வராகன் 42 பணம், ஒரு பணம் 80 காசு என்பது சென்னைக் கணக்கு. ஊரில் கிடைத்த நாணயம் கச்சேரியில் அதே மதிப்பில் ஏற்கப்படுவதில்லை. தேய்மானத்துக்கும் மாற்றுக்கும் ஏற்பச் சராப்பு ‘வட்டம்’ கழித்தே மாற்றிக் கொடுத்தார். கிஸ்தி நாள் நெருங்கும்போது தானியத்தை மலிந்த விலைக்கு விற்று, கிடைத்த காசுக்கு வட்டமும் கொடுத்த குடியானவர் இருமுறை இழந்தார்.

1807ஆம் ஆண்டளவில் சென்னை அக்கசாலை வெளியிட்ட அரை வராகன் நாணயம் இம்மாற்றத்தின் இடைநிலையைக் காட்டுகிறது. ஏறத்தாழ 21 கிராம் எடையுள்ள இவ்வெள்ளி நாணயத்தில் கோபுரமும் திருமாலின் உருவமும் பொறிக்கப்பட்டன. மதிப்பு தமிழ், தெலுங்கு, பாரசீகம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் எழுதப்பட்டது. பல நாணயங்கள் இசுபானிய டாலரின் மீதே அச்சடிக்கப்பட்டன. பெயர் பொன் வராகனுடையது, உருவம் கோயிலுடையது, உடல் கடல்கடந்து வந்த வெள்ளி.

1818இல் சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாயே அடிப்படை நாணயம் என அறிவிக்கப்பட்டது. அதன் எடை 180 கிரெய்ன். அதில் தூய வெள்ளி 165 கிரெய்ன். 100 நட்சத்திர வராகனுக்கு 350 ரூபாய் என மாற்றுவீதம் நிறுவப்பட்டது. 1835ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் இதே எடையை கும்பினி ஆட்சிப்பகுதி முழுமைக்கும் பொதுவாக்கியது. சில்லறையின் இடத்திலிருந்த வெள்ளி, அரசுக் கணக்கின் தலைமை இடத்துக்கு உயர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மற்றொரு திசையில் திரும்பியது. உலகச் சந்தையில் பொன்னுக்கு எதிராக வெள்ளியின் மதிப்பு சரிந்தது. 1893இல் தனியார் வெள்ளியை ரூபாயாக அச்சிட்டுக் கொடுப்பதை இந்திய அக்கசாலைகள் நிறுத்தின. பேஷ்கஷ் ரூபாயில் நிலையாக விதிக்கப்பட்டிருந்த ஜமீன்களுக்கு விலைவாசி உயர உயர அக்கடப்பாடு இலகுவாயிற்று. முன்னோரை முறித்த நாணயம் வாரிசுகளுக்குச் சற்றே கைகொடுத்தது எனலாம்.

ஒப்பீடு

இரு அமைப்புகளும் எல்லா வகையிலும் ஒத்தவை அல்ல. சபை மணம் புரியாத் துறவியரின் கூட்டுடைமை. பாளையம் குடிவழியாக இறங்கிய உரிமை. சபை தன்னாட்சி உடையது. பாளையம் மேலரசுக்கு உட்பட்டது. ஆயினும் மூன்று கூறுகளில் ஒற்றுமை உண்டு. இரண்டும் படைப்பணியால் நிலத்தை ஆண்டன. இரண்டும் தோல்விக்குப் பின் தவணைப் பணத்துக்குக் கட்டுப்பட்டன. இரண்டிலும் எஞ்சிய தலைமை வாளை விட்டுப் பரம்பரை நிலவுரிமையை ஏற்றது. 1525இல் பெருந்தலைவர் கோமகனானதும், 1801க்குப் பின் பாளையக்காரர் ஜமீன்தாரானதும் ஒரே வகை மாற்றமாகும்.

வேறுபாடு சுமை இறங்கிய வழியில் உள்ளது. சபை அக்கசாலையின் வழியாகத் தன் தோல்வியைக் காசு வைத்திருந்த ஒவ்வொருவர் மீதும் பகிர்ந்தது. அதனால் 1411இலேயே நிகழ்ந்திருக்கக்கூடிய முறிவு நாற்பதாண்டுக்கு மேல் தள்ளிப்போயிற்று. அதற்கு விலையாக நகரங்களின் நம்பிக்கை அழிந்தது. பாளையத்துக்குக் காலம் வாங்கும் அந்த வசதி இல்லை. நாணயத்தின் மாற்றைத் துறைமுக அக்கசாலை விதித்தது. தொகையைக் கச்சேரி விதித்தது. பாளையக்காரர் மாற்றக்கூடியதாக இருந்தது குடிகளிடமிருந்து திரட்டும் அளவு ஒன்றே. அவ்வளவை உயர்த்தினால் குடிகள் நொந்தனர். உயர்த்தாவிடில் நிலுவை ஏறியது. சபையின் குடிகள் இழப்பைச் சந்தையில் உணர்ந்தனர். பாளையத்தின் குடிகள் களத்துமேட்டிலேயே உணர்ந்தனர்.

முடிவுரை

அக்கசாலை இருந்திருப்பின் பாளையங்கள் பிழைத்திருக்கும் என்னும் முடிவுக்கு மேற்கண்ட சான்றுகள் இடந்தரவில்லை. அக்கசாலை இருந்தும் தியூத்தோனிய சபை வீழ்ந்தது. மேலரசு ஊதியப்படையை நாடியபோதே ஆட்படையின் மதிப்பு போயிற்று. நாணயம் அம்மாற்றத்தை அளந்து காட்டியது, விரைவுபடுத்தியது. எனினும் பாளையங்களின் வீழ்ச்சியை வீரத்தின் குறைவாகவோ தனியொருவரின் துரோகமாகவோ மட்டும் விளக்குவது போதாது என்பது உறுதிப்படுகிறது. தானியத்திலும் மானிய நிலத்திலும் வேரூன்றிய ஓர் அமைப்பு, தான் உருவாக்காத நாணயத்தில் கணக்குக் கொடுக்குமாறு கேட்கப்பட்டதே நிலுவையின் தோற்றுவாய்.

1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு சென்னை மாகாண ஜமீன் முறை முடிவுற்றது. பாளையத்தின் இறுதி எச்சமும் அதனோடு நீங்கியது. ஆயக்குடியைச் சூழ்ந்த நிலத்தில் அந்நாணயச் சுமையை இறுதிவரை தாங்கியவர், பாளையக்காரரும் அல்லர், கச்சேரியாரும் அல்லர். விளைந்ததை விற்றுக் கிஸ்தி கட்டிய உழுகுடிகளே. பாளையங்களின் நாணய வரலாறு அவர்களையும் உள்ளடக்கி எழுதப்படும்போதே முழுமை பெறும்.